மார்பகச் சத்திரசிகிச்சையின் பின் கூட்டுப் புனர்வாழ்வு

மருத்துவம் ஒருவரால் மட்டும் செய்து முடிக்கப்படும் தொழிலன்று என்னும் உண்மையைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவர், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவர், அவர் கையாளும் மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என மருத்துவத்தை வள்ளுவர் நான்கு பகுதியாக வகுத்துக் காட்டுகின்றார். இந்நான்கனுள் முதலிடம் நோயுற்றவர்க்கே வழங்கப்பட்டிருப்பதும், பணிபுரிபவர் மருத்துவருக்கு ஒப்ப ஒரு பகுதியாக எண்ணப்பட்டிருப்பதும் கருதத்தக்கன.

இக்கருத்துக்கு இக்காலத்தில் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டொன்று உண்டு. மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை பெற்ற பெண்ணொருவருக்கு அதன்பின் ஏற்படக்கூடிய கைவீக்கம், தோள் இறுக்கம், நோவு, மனத்தளர்ச்சி முதலிய இடர்களைப் பல துறையினர் ஒன்றுகூடித் தீர்க்கும் முறையே அஃதாகும். இதனைக் கூட்டுப் புனர்வாழ்வு எனலாம். சத்திரவைத்தியர் உயிரைக் காக்கின்றார். அவ்வுயிர் தன் தொழிலைச் செய்து வாழ்வதற்கு வேண்டிய கையை மீட்டுத் தருவதோ பலரின் பணி. இப்பணியின் இயல்பையும், திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த எமது மாவட்டத்தில் அஃது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சத்திரசிகிச்சையின் வரலாறு

இலங்கைப் பெண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோய். புற்றுநோய்க்கு ஆளாகும் பெண்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்நோய்க்கு ஆளானவர். உலகம் முழுவதிலும் 2022ஆம் ஆண்டில் ஏறக்குறைய 23 இலட்சம் பெண்களிடத்து இந்நோய் புதிதாக இனங்காணப்பட்டது. இத்தொகை அச்சந்தருவதாயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. காலத்தோடு கண்டறியப்பட்டு முறையான சிகிச்சை பெறுவோரிற் பெரும்பாலோர் பல்லாண்டு வாழ்கின்றனர். ஆகவே, அவர்கள் பிழைப்பார்களா என்ற வினாவோடு, பிழைத்தபின் எவ்வாறு வாழ்வார்கள் என்ற வினாவும் இன்று எழுந்துள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விரண்டாம் வினாவுக்கு இடமிருக்கவில்லை. அமெரிக்கச் சத்திரவைத்தியர் வில்லியம் ஹால்ஸ்ரெட் 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையின்படி, மார்பகமும், அதன் கீழுள்ள மார்புத் தசைகளும், அக்குளிலுள்ள நிணநீர்க்கணுக்களும் ஒருங்கே அகற்றப்பட்டன. மயக்கமருந்தும் கிருமியழிப்பு முறைகளும் வளர்ந்துவந்த அக்காலத்தில் அஃது ஒரு பேரடைவாகவே மதிக்கப்பட்டது. ஆனால் அச்சிகிச்சை பெற்ற பலரின் கை வீங்கிப் பாரமாகியது. ஹால்ஸ்ரெட் தாமே 1921ஆம் ஆண்டில் இக்கைவீக்கம் பற்றித் தனிக் கட்டுரையொன்று எழுதினார். அவ்வீக்கத்தை யானைக்கால் நோயோடு ஒப்பிட்டு அவர் பெயரிட்டமையே அதன் கடுமையை உணர்த்தப் போதியது.

இவ்வளவு பரந்த வெட்டு எல்லோருக்கும் இன்றியமையாததா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. அமெரிக்காவிற் பேர்னாட் பிஷர் என்பாரின் தலைமையில் 1971ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆய்வு, நோயாளரை இருபத்தைந்து ஆண்டு பின்தொடர்ந்து, தசைகளையும் சேர்த்து அகற்றுவதால் ஆயுள் நீள்வதில்லை எனக் காட்டிற்று. இற்றைநாளில் இயலுமாயின் கட்டியையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியையும் மட்டும் அகற்றுகின்றனர். 1990களில் வளர்ச்சியுற்ற காவற்கணு முறையில், மார்பகத்திலிருந்து நிணநீர் முதலிற் சென்றடையும் ஓரிரு கணுக்களை எடுத்துச் சோதித்து, அவற்றில் நோய் இல்லையாயின் எஞ்சியவற்றை விட்டுவிடுகின்றனர். எனினும் நோய் முதிர்ந்த நிலையில் வருவோர்க்கு அக்குட்கணுக்களைப் பெருமளவில் அகற்றுதல் இன்றும் வேண்டியதாகின்றது. காலந்தாழ்த்தி வருவோர் மிகுந்த இடங்களிற் கைவீக்கமும் மிகுதியாகும் என்பது இதனாற் பெறப்படும்.

கை ஏன் வீங்குகின்றது

கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழியாகத் தம்பலகாமத்து வயல்களை அடைகின்றது. வயலிற் பாய்ந்த நீரில் மிகுதியானது வடிகால் வழியே வெளியேறல் வேண்டும். வடிகால் தூர்ந்துவிட்டாற் பயிர் அழுகும். நமது கையிலும் இத்தகைய ஏற்பாடே உண்டு. நாடி வழியாக வரும் குருதியிலிருந்து கசியும் நீர் இழையங்களை ஊட்டுகின்றது. அதன் ஒரு பகுதி நிணநீராகி, நுண்ணிய குழாய்கள் வழியே அக்குளை நோக்கிச் சென்று, அங்குள்ள இருபதுக்கு மேற்பட்ட கணுக்களில் வடிக்கப்பட்டு மீண்டும் குருதியோடு கலக்கின்றது. இக்கணுக்களை அகற்றும்போதும், அவ்விடத்துக்குக் கதிர்வீச்சு அளிக்கும்போதும் வடிகாலின் ஒரு பகுதி அற்றுப்போகின்றது. எஞ்சிய குழாய்கள் சுமையைத் தாங்குமாயின் வீக்கம் தோன்றாது. தாங்காவிடத்து நிணநீர் தேங்கிக் கை வீங்கும்.

முதலில் இவ்வீக்கம் மென்மையானது. விரலால் அழுத்தினாற் குழி விழும். கையை உயர்த்தி வைத்தாற் குறையும். கவனியாது விட்டால், தேங்கிய நீரிலுள்ள புரதத்தால் இழையம் தடிப்புற்று, நாரும் கொழுப்பும் படிந்து, கை நிலையாகப் பருத்துவிடும். முதல் நிலையை மாற்றலாம். பின்னைய நிலையைக் குறைக்கலாமேயன்றி முற்றாக நீக்குதல் அரிது. புனர்வாழ்வு காலத்தோடு தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவே தலையாய காரணம்.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணிப்பொன்று, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றோரில் ஐவருள் ஒருவருக்குச் சற்று மேலாகக் கைவீக்கம் காண்கின்றது எனக் கூறும். அக்குட்கணுக்கள் பெருமளவில் அகற்றப்பட்டோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேருக்கும், காவற்கணு மட்டும் எடுக்கப்பட்டோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேருக்கும் இவ்வீக்கம் ஏற்படுகின்றது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுள் இது தோன்றும்; பல ஆண்டு கழித்துத் தோன்றுதலும் உண்டு.

நிணநீர் வீக்கம் இலங்கைக்குப் புதிதன்று. யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து நீக்கிய நாடாக இலங்கையை உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அந்நோயாளருக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் இங்கும் பயன்படும். நாள்தோறும் தோலைக் கழுவி உலர்த்தல், வெடிப்பில்லாமற் பேணல், சிறு புண்ணையும் கவனித்தல் என்பனவே அப்பாடம். வீங்கிய கையில் நோய்க்கிருமி புகுந்தால் விரைவிற் பரவும். ஒவ்வொரு தொற்றும் எஞ்சிய குழாய்களைச் சிதைத்து வீக்கத்தைப் பெருக்கும்.

பிற இடர்கள்

கைவீக்கம் ஒன்றே இடரன்று. சத்திரசிகிச்சையின் பின் முதல் வாரங்களிற் காயத்தின் கீழே நீர் கட்டலாம். நோவுக்கு அஞ்சிக் கையை மார்போடு அணைத்தே வைத்திருந்தாற் தோள் மூட்டு இறுகி, தலைக்குமேல் உயர்த்த இயலாது போகும். சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை நோக்கித் தோலின் கீழே இழுத்த கயிறுபோன்ற நாண்கள் தென்படும். கையை நீட்டும்போது அவை கடுமையாக நோகும். மேற்கையின் உட்புறத்துக்கு உணர்ச்சியளிக்கும் நரம்பு அறுபட்டால் அவ்விடம் மரத்துவிடும். தோட்பட்டை எலும்பைத் தாங்கும் தசைக்குச் செல்லும் நரம்பு தாக்குண்டால் அவ்வெலும்பு இறக்கைபோற் பின்புறம் எழுந்து நிற்கும். டென்மார்க்கில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் வினவி 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சத்திரசிகிச்சை முடிந்து ஈராண்டு மூவாண்டு சென்ற பின்னும் ஏறத்தாழப் பாதிப்பேர் நோவுள்ளதாகக் கூறினர்.

இவற்றோடு உள்ளத்தின் துன்பமும் உண்டு. தன் உடல் குறைவுபட்டதென்ற எண்ணம், நோய் மீளுமோ என்ற ஏக்கம், கணவரிடமும் பிள்ளைகளிடமும் அதனைப் பேச இயலாமை என்பன பெண்ணைத் தனிமைப்படுத்துகின்றன. ஒரு மார்பகம் அகற்றப்பட்டோர் ஒரு புறம் சாய்ந்து நடக்கப் பழகுவதால் கழுத்தும் முதுகும் நோகத் தொடங்கும். ஆரம்பத்தில் மென்மையான பஞ்சு வைத்துத் தைத்த செயற்கை மார்பகமும், காயம் நன்கு ஆறியபின் உரிய நிறையுடைய ஒன்றும் அணிதல் தோற்றத்துக்கும் உடலின் சமநிலைக்கும் உதவும்.

இவ்விடர்களை ஒருமுறை நிரைப்படுத்திப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். நீர்கட்டு சத்திரவைத்தியருக்கும், தோள் இயன்மருத்துவருக்கும், அன்றாடத் தொழில் தொழில்வழிச் சிகிச்சையாளருக்கும், தோல் தாதிக்கும், உள்ளம் உளநல ஆலோசகருக்கும் உரியன. ஆனால் இவையனைத்தும் ஒரே பெண்ணிடம், ஒரே காலத்தில், ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. நோவுடையவர் கையை அசையார். அசையாத தோள் இறுகும். இறுகிய தோளுடையவர் தொழில் இழப்பார். தொழில் இழந்தவர் மனந்தளர்வார். மனந்தளர்ந்தவர் பயிற்சியைக் கைவிடுவார். இச்சங்கிலியைத் தனியொருவர் ஒரு கண்ணியிற் பிடித்தறுத்தல் இயலாது.

அச்சமும் அறிவும்

கையை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதில் மருத்துவ உலகு நெடுங்காலம் அச்சத்தின் வழியே நின்றது. பாரந் தூக்கலாகாது, துடுப்பு வலித்தலாகாது, திரும்பத் திரும்பக் கையை அசைக்கும் தொழில் எதுவும் ஆகாது என நோயாளர்க்குக் கூறப்பட்டு வந்தது. இக்கொள்கையைச் சோதித்த இடம் ஒரு துறைமுக நகரமே என்பது எமக்குச் சுவை தரும் செய்தி.

கனடாவின் வன்கூவர் நகரில் டொன் மெக்கென்சி என்னும் விளையாட்டு மருத்துவ அறிஞர் 1996ஆம் ஆண்டில், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைச் சேர்த்து, படிப்படியாகப் பயிற்சியளித்து, சீனமரபிலமைந்த நீண்ட நாகப்படகில் துடுப்பு வலிக்கச் செய்தார். துடுப்பு வலித்தல் மேற்கைக்கு மிகக் கடுமையான தொழில். அப்பருவம் முடிந்தபோது அவர்களுள் ஒருவருக்கேனும் புதிதாகக் கைவீக்கம் தோன்றவில்லை. அங்குத் தொடங்கிய படகுக் குழுக்கள் பின்னர்ப் பல நாடுகளிற் பரவின. இருபத்து நான்கு பேர் என்பது சிறு தொகையே. அதனால் முழு விதியை நிறுவ முடியாது. எனினும் அச்சத்தின் கட்டு அவிழ அது வழிசெய்தது.

2009ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கத்ரின் சிமிட்ஸ் என்பாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்திற்று. ஏற்கெனவே கைவீக்கமுடைய 141 பெண்களில் ஒரு பகுதியினர் கண்காணிப்போடு வாரத்துக்கு இருமுறை படிப்படியாகப் பாரந் தூக்கிப் பயின்றனர். ஓராண்டின்பின் அவர்களது வீக்கம் மற்றவர்களினும் மிகவில்லை. நோவு முதலிய குறிகள் குறைந்தன. வலு கூடிற்று. இதன் காரணத்தை அறிதல் எளிது. குருதிக்கு இதயம் போல நிணநீருக்குத் தனி இதயமில்லை. தசை சுருங்கி விரியும்போதே நிணநீர் பெரிதும் தள்ளப்படுகின்றது. அசையாத கை வடிகாலற்ற வயல். முறையாக அசையும் கை தன் நீரைத் தானே இறைத்துக்கொள்ளும்.

ஸ்பெயினில் 120 பெண்களைக் கொண்டு நடாத்தி 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சத்திரசிகிச்சை முடிந்தவுடன் இயன்மருத்துவம் தொடங்கப்பெற்றவர்களில் ஓராண்டினுள் நூற்றுக்கு 7 பேருக்கே கைவீக்கம் கண்டது. அறிவுரை மட்டும் பெற்றவர்களில் அத்தொகை 25 ஆயிற்று. பிரித்தானியாவில் 17 நிலையங்களில் 392 பெண்களைச் சேர்த்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தோளிடர் ஏற்படும் வாய்ப்பு மிக்கவர்களுக்கு ஏழு முதற் பத்து நாளின்பின் இயன்மருத்துவரின் வழிகாட்டலிற் பயிற்சி தொடங்கினால், ஓராண்டின் முடிவிற் கையின் செயற்றிறன் மேம்பட்டிருக்கும் எனக் காட்டிற்று.

அச்சத்தைக் களைதல் எச்சரிக்கையைக் களைதல் ஆகாது. முதல் வாரத்தில் விரல், மணிக்கட்டு, முழங்கை என்பவற்றை மெல்ல அசைத்துத் தோளளவுக்குக் கையை உயர்த்தினாற் போதும். நீர்வடிகுழாய் நீக்கப்பட்டுக் காயம் ஆற ஆற உயரத்தையும், பின்னர்ப் பாரத்தையும் கூட்டிக்கொண்டு செல்லலாம். எவ்வளவு, எப்போது என்பதை இயன்மருத்துவரே வகுக்க வேண்டும். மீன் வெட்டும்போது முள் குத்துதல், அரிவாள் கீறுதல், அடுப்பிற் சுடுதல் என்பவற்றினின்று கையைக் காத்தல் நன்று. கை சிவந்து சுட்டுக் காய்ச்சலுங் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். கன்னியா வெந்நீரூற்றுக்குச் செல்வோர் வீக்கமுள்ள கையில் வெந்நீரை மிகுதியாக வார்த்தலைத் தவிர்த்தல் நலம். வெப்பம் குருதியோட்டத்தைப் பெருக்கி வீக்கத்தைக் கூட்டலாம். எண்ணெயிட்டு அழுத்திப் பிசைதலும் தகாது. பயிற்சி பெற்றோர் செய்யும் நிணநீர் வடிப்பு, தோலை மட்டும் மெல்ல நகர்த்தும் மிக இலேசான முறையாகும். மாறாக, அக்கையில் ஒரு முறை இரத்த அழுத்தம் பார்த்தமைக்காகவோ ஊசி ஏற்றியமைக்காகவோ கலங்க வேண்டுவதில்லை. 632 பெண்களைத் தொடர்ந்து அளந்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்று, இவற்றுக்கும் கைவீக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை. மற்றக் கை இருக்க அதனைப் பயன்படுத்துதல் போதிய எச்சரிக்கை.

கூட்டு முயற்சியின் அமைப்பு

புனர்வாழ்வுக்குப் பல துறையினர் ஒரு குழுவாதல் வேண்டும் என்னும் கொள்கை இரண்டாம் உலகப்போரின் விளைவாக உருப்பெற்றது. காயமுற்ற விமானப்படையினரைப் படுக்கையிற் கிடத்தி வைத்தலாற் பயனில்லை எனக் கண்ட அமெரிக்க மருத்துவர் ஹவார்ட் ரஸ்க், போரின்பின் நியூயோர்க்கிற் புனர்வாழ்வு நிலையமொன்றை நிறுவினார். நோயைத் தடுத்தல், நோயைத் தீர்த்தல் என்பவற்றுக்குப் பின் வரும் மருத்துவத்தின் மூன்றாம் படி புனர்வாழ்வே என அவர் கருதினார்.

மார்பக நோயாளரிடத்து இக்கருத்தை எடுத்துச் சென்றவர் மருத்துவர் அல்லர். தெரேஸ் லாசர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1952ஆம் ஆண்டில் தாமே சத்திரசிகிச்சை பெற்றார். இனி எவ்வாறு வாழ்வது என்பதைச் சொல்வாரில்லை என உணர்ந்த அவர், அதே சிகிச்சை பெற்ற பிற பெண்களை வைத்தியசாலையிற் சந்தித்துக் கைப்பயிற்சிகளையும் செயற்கை மார்பகம் பற்றிய விபரங்களையும் எடுத்துரைக்கத் தொடங்கினார். அவர் ஆரம்பித்த இயக்கத்தை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1969ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. நோயுற்றவரே மருத்துவத்தின் முதற்பகுதி என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நல்ல குழுவொன்றின் பணி சத்திரசிகிச்சைக்கு முன்னரே தொடங்கும். இரு கைகளின் சுற்றளவையும் மணிக்கட்டிலும், முழங்கைக்கு மேலும் கீழும் குறித்த இடங்களிலும் அளந்து எழுதுவர். தோள் எவ்வளவு உயருகின்றது எனவும் குறிப்பர். பின்னர் முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், அதன்பின் இடைவெளி கூட்டியும் அளப்பர். முன்னைய அளவோடும் மறுகையோடும் ஒப்பிடும்போது இரண்டு சென்ரிமீற்றர் வேறுபாடு காணப்பட்டால் உடன் கவனிப்பர். இதற்கு வேண்டிய கருவி தையற்காரரின் அளவு நாடா ஒன்றே. வீக்கம் தோன்றியவிடத்து, தோற்பேணல், நிணநீர் வடிப்பு, பல அடுக்குக் கட்டு, பயிற்சி என்னும் நான்கும் சேர்ந்த சிகிச்சையளித்து, வீக்கம் குறைந்தபின் அழுத்தக் கையுறை அணிவிப்பர். பகலில் அணிந்து இரவிற் கழற்றும் இவ்வுறை நாளடைவிற் தளர்வதால் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றல் வேண்டும். எமது மாவட்டத்தின் வெக்கையில் இதனை அணிதல் எளிதன்று. ஆகையால் நோயாளரின் தொழிலும் நேரமும் அறிந்து, எப்போது அணிவது என்பதை அவரோடு கலந்தே முடிவு செய்தல் வேண்டும்.

உள்ளூர் மரபு மருத்துவமும் இக்குழுவில் இடம் பெறலாம். கேரளத்துக் காசர்கோட்டில் இயங்கும் பயன்பாட்டுத் தோலியல் நிறுவனம், நிணநீர் வீக்கத்துக்கு ஆயுர்வேதத்தையும் யோகப் பயிற்சியையும் தற்கால மருத்துவத்தின் தோற்பேணல், அழுத்தக்கட்டு என்பவற்றோடு இணைத்து நெறிப்படுத்தியுள்ளது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுவதால், இத்தகைய இணைப்பு எமக்கும் எட்டாததன்று. ஒரு மருத்துவர் கொடுப்பதை மற்றவர் அறிந்திருத்தல் மட்டும் இன்றியமையாத விதியாகும்.

எமது மாவட்டத்திற்கு ஏற்ற வழி

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகம் உலகப் புகழ் வாய்ந்தது. ஆனால் கடலும் களப்பும் கொட்டியாரக் குடாவும் நிலத்தைத் துண்டாடுவதால், துறைமுகத்துக்கு அழகு தரும் அதே நீர்ப்பரப்பு நோயாளியின் வழியை நெடிதாக்குகின்றது. 2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, அங்குள்ளோர் பாதை எனப்படும் மிதவையிலேறியே நகருக்கு வந்தனர். பாலங்கள் அமைந்தபின் மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் ஆகிய ஊர்களுக்கும் வழி எளிதாயிற்று. எனினும் கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டுவோர் மட்டக்களப்பு, தெல்லிப்பழை, கண்டி முதலிய இடங்களுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேலும், மகரகமவுக்கு 250 கிலோமீற்றருக்கு மேலும் செல்ல வேண்டியுள்ளது.

ஆகவே எமது மாவட்டத்துப் பெண்ணொருவர் ஓரூரிற் சோதனையும், வேறோர் ஊரிற் சத்திரசிகிச்சையும், மற்றோர் ஊரிற் கதிர்வீச்சும் பெற நேரிடலாம். ஒவ்வோரிடத்தும் செய்யப்படுவது செவ்விதாக இருப்பினும், ஓரிடத்தில் அளந்த அளவு மற்றோரிடத்தில் தெரியாதாயின் குழு என்பது பெயரளவினதே. பெருநகர் வைத்தியசாலையிற் குழுவினர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசலாம். இங்கே குழுவினரை இணைக்கும் மேசை நோயாளியின் கையிலுள்ள கிளினிக் கொப்பியே ஆதல் வேண்டும். அதிலே சத்திரசிகிச்சையின் வகை, அகற்றிய கணுக்களின் தொகை, இரு கைகளின் அளவுகள், கற்பித்த பயிற்சிகள், ஐயம் எழுந்தால் யாரிடம் செல்வது என்னும் ஐந்தும் ஒரு பக்கத்தில் எழுதப்படுமாயின், நூறு மைலுக்கு அப்பாலுள்ளவர்களும் ஒரு குழுவினராவர். அப்பக்கம் நோயாளிக்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில் இது சலுகையன்று; சிகிச்சையின் ஒரு கூறே.

இரண்டாவதாக, வீட்டுக்கு அண்மையிலுள்ளவரைக் குழுவிற் சேர்த்தல் வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடம் வாரந்தோறும் வர இயலாதவர் பலர். கூலிவேலையை ஒரு நாள் விட்டால் அந்நாளின் உணவும் விடுபடும். ஆனால் பொதுச் சுகாதார மருத்துவமாது ஒவ்வொரு கிராமத்தையும் அறிந்தவர். தாயையும் சேயையும் காணச் செல்லும் அவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கையை அளந்து கொப்பியில் எழுதப் பயிற்றப்பட்டால், வீக்கம் மென்மையாயிருக்கும்போதே கண்டுகொள்ளலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 1996ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் சுகவனிதையர் கிளினிக்கிற்கு முப்பத்தைந்து வயதடைந்த பெண்கள் சென்று மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அங்கு நோய் முற்படக் கண்டறியப்படின் வெட்டும் சிறிதாகும்; பின்வரும் இடரும் சிறிதாகும். அவ்வாறாயின் புனர்வாழ்வின் முதற்படி அக்கிளினிக்கின் வாயிலிலேயே உள்ளது எனலாம்.

மூன்றாவதாக, பயிற்சியை அவரவர் தொழிலோடு பொருத்துதல் வேண்டும். நிலாவெளியிற் கருவாடு காயவிடும் பெண்ணுக்கும், தம்பலகாமத்தில் நாற்று நடும் பெண்ணுக்கும், பள்ளியிற் கற்பிக்கும் ஆசிரியைக்கும் வேண்டிய கையசைவுகள் வேறு வேறானவை. கிணற்றில் நீரள்ளுதற்கு இழுக்கும் வலு வேண்டும். கொடியிற் துணி போடவும் கரும்பலகையின் மேல்விளிம்பில் எழுதவும் உயர்த்தும் வீச்சு வேண்டும். சுவரிலே விரல்களால் நாள்தோறும் சிறிது சிறிதாக மேலேறி, எட்டிய இடத்திற் கரிக்கோடிடும் பயிற்சி எவ்வீட்டிலும் செய்யத்தக்கது. அக்கோடு உயர உயர, வேறெவரும் சொல்லாமலே அப்பெண் தன் முன்னேற்றத்தைத் தானே காண்பார்.

கல்லூரிச் சமூகத்தின் கடன்

மருத்துவத்துக்குப் புறம்பான நாம் இதில் என் செய்யலாம் என வினவுவோர் இருக்கலாம். புற்றுநோய்ப் பணியில் மருத்துவரல்லாதார் ஆற்றிய தொண்டு சிறிதன்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மாதர் சங்கத்தினரைக் கொண்டு நிதி திரட்டி, 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். எம் நாட்டில் 2011ஆம் ஆண்டில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து சென்ற மக்கள் திரட்டிய பணமே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவியது. நிதி திரட்டுதல் ஒரு தொண்டாயின், அதனினும் அண்மையிலுள்ள தொண்டுகளும் உள.

நோய் நிர்ணய அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. தாயின் அட்டையை வாசித்து விளக்கவும், அடுத்த கிளினிக் நாளைக் குறித்து வைக்கவும், அளவு நாடாவால் கையை அளந்து கொப்பியில் எழுதவும் உயர்வகுப்பு மாணவர் எவருக்கும் இயலும். ஆண்பிள்ளைகள் இதற்கு நாணவேண்டுவதில்லை. கிணற்று நீரள்ளலையும் அம்மி அரைத்தலையும் முதல் வாரங்களில் தாம் ஏற்றுக்கொண்டு, பின்னர்ப் படிப்படியாகத் தாயிடம் மீள ஒப்படைத்தலே வீட்டாரின் பணி. எக்காலமும் ஒரு வேலையும் செய்யவிடாது இருத்துதல் அன்பினாற் செய்யப்படும் தீங்காகும். சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியைக்குச் சில மாதம் உயரம் குறைந்த பலகையையும், கிளினிக் நாளில் மாற்றுப் பாடவேளையையும் ஒழுங்கு செய்தல் அதிபருக்கும் உடனாசிரியர்க்கும் உரிய கடன். மருத்துவத் துறையில் உள்ள பழைய மாணவர்கள் தத்தம் வைத்தியசாலைகளில், மேலே கூறிய ஒரு பக்கக் குறிப்பினைத் தமிழில் ஆக்கி வழங்குவாராயின் அது பெருந்தொண்டாகும்.

மருந்தின் நான்கு பகுதிகளுள் மருத்துவரையும் மருந்தையும் அரசாங்கம் அளிக்கலாம். நோயுற்றவரின் துணிவையும் அருகிருந்து பணிபுரிபவரின் பொறுமையையும் எந்த அரசாங்கமும் அனுப்பி வைத்தல் இயலாது. அவை வீட்டிலும், பள்ளியிலும், ஊரிலும் விளையவேண்டியவை. அவ்விரண்டும் முன்னைய இரண்டோடு சேருமிடத்து, வெருகலிலோ குச்சவெளியிலோ வாழும் ஒரு பெண் தன் கையைத் தலைக்குமேல் உயர்த்திக் கொடியிற் துணி உலர்த்துவாள். அவ்வெளிய செயல் கைகூடும்போதே சத்திரசிகிச்சை உண்மையில் நிறைவெய்துகின்றது.